வேலைக்காரியின் புள்ளிக் கவுன்

"என் கவுனை நானே வெட்டிக்கிட்டேனாம்! எனக்கென்ன பைத்தியமா?"

வந்த நடிகை உட்காரக்கூட இல்லை. துப்பறியும் அக்கா அமைதியாக நாற்காலியைக் காட்டினாள். அவளோடு வேலை பார்க்கும் தங்கைக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோமாளித் துப்பறிவாளன் படவரிசையின் நான்கு படங்களும் அவளுக்கு மனப்பாடம். அவற்றில் நாயகன் தடுக்கித் தடுக்கி விழுவான். அவன் வீட்டு வேலைக்காரி, சிவப்புப் புள்ளி போட்ட கவுனில் தரையைத் துடைத்தபடியே குற்றவாளியைக் கண்டுபிடிப்பாள். தியேட்டரில் விசில் பறப்பது அவளுக்குத்தான். அந்த வேலைக்காரி இப்போது எதிரே நின்று கொதித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அந்தக் கவுன் மேக்கப் ரூம்ல கந்தலாக் கிடந்துச்சு. வசனத்தைக் குறைச்ச கோபத்துல நான்தான் வெட்டினேன்னு ஹீரோ சொல்றாரு. கண்ணால பார்த்தாராம். தயாரிப்பாளரும் அதை நம்பிட்டாரு. 'வேலைக்காரி ஊருக்குப் போயிட்டா'ன்னு ஒரே வரியில என்னைத் தூக்கிடப் போறாங்க!"

"நேத்து என்ன காட்சி எடுத்தீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"கதைப்படி அடிபட்ட கையில கட்டோட நான் மழையில ஓடுற காட்சி எடுக்கிறதா இருந்துச்சு. தண்ணி லாரி வரலை. அதனால படத்தோட கடைசிக் காட்சியை எடுத்தோம். அதுல காயம் ஆறிடும், கவுனும் வேற. ரெண்டு காட்சியிலயும் ஹீரோ இல்லை. மத்தியானம் மேக்கப் ரூம்ல தனியாத்தான் சாப்பிட்டேன். அதுதான் வினையாப் போச்சு."

மூவரும் செட்டை ஒட்டியிருந்த தயாரிப்பாளரின் அறைக்குப் போனார்கள். நாயக நடிகர் சோபாவில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தார். என்னவோ அநியாயம் நடந்ததே அவருக்குத்தான் என்பதுபோல் முகம்.

"மத்தியானம் பார்த்ததை அப்படியே சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

"கதவு பாதி திறந்திருந்துச்சு. வலது கையில கட்டு. இடது கையால சிரமப்பட்டு வெட்டிக்கிட்டிருந்தா. பாவமாக்கூட இருந்துச்சு."

பாவமாம்! தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனவளை அக்கா கண்ணாலேயே அடக்கினாள்.

"கட்டை நல்லாப் பார்த்தீங்களா?"

"முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணி. என் கண்ணுல என்ன கோளாறா?"

அக்கா மேக்கப் போடும் அம்மாளை வரச்சொல்லிக் கேட்டாள். "நேத்து ஏதுங்க கட்டு? காலையிலேர்ந்து பேக்கப் வரைக்கும் வெறும் கைதான்" என்றார் அவர்.

நடிகரின் கால் மெல்லக் கீழே இறங்கியது.

"சாருக்கு நேத்து காட்சி இல்லை. செட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காததால காட்சி மாறினது தெரியலை" என்றாள் அக்கா. "முன்னாடியே சொல்லி வச்ச மழைக் காட்சியை நம்பிக் கட்டுப் போட்ட கையைச் சொல்லிட்டாரு. இவங்களை நிஜமாப் பார்த்திருந்தா வெறும் கையைத்தானே பார்த்திருப்பாரு? பார்க்காததை எதுக்குச் சொல்லணும்? வெட்டினது யாருன்னு நீங்களே சொல்லிடுறீங்களா சார்?"

"படமே என்னை வச்சுத்தான்! கைத்தட்டல் மட்டும் அவளுக்கா?" என்று சீறினார் நடிகர். சொன்ன பிறகுதான் உளறியது அவருக்கே உறைத்தது.

தயாரிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, நாளைக்கே வேலைக்கு வந்துடு. விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும். அவர் பேர் கெட்டா படம் படுத்துடும்."

அவமானப்படுத்தியவன் பேருக்கு இத்தனை கவலையா என்று தங்கை அவரை முறைத்தாள்.

"லைட் தூக்குறவங்க, டீ கொடுக்கிறவங்க எல்லாரும் பார்க்க என்னை வெளியே போன்னீங்க" என்றாள் நடிகை. "என் பேரைக் கெடுத்தப்போ செட்டே கேட்டுச்சு. இப்போ அதே செட்டு முன்னாடி இவர் வாயால உண்மையைச் சொல்லட்டும். அப்புறம்தான் நான் நடிப்பேன். கதவைத் திறங்க."

தங்கை விறுவிறுவென்று போய் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டாள்.