வராதவர்களின் பெயர்கள்

செமோருக்கு அப்பால் இருக்கும் அந்தத் தோட்டப் பள்ளிக்கு நான் தேர்தலன்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். தோட்டம் என்று பேர்தான். ரப்பர் மரங்களை வெட்டி இருபது வருஷமாகிறது; இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்து வீடுகளில் இருந்த ஜனங்கள் ஈப்போ பக்கம் குடிபோய்விட்டார்கள். ஆனால் பலருடைய ஓட்டு இன்னும் அங்கேயே இருந்தது. என் அப்பா பத்துமலையின் ஓட்டும் அங்கேதான்.

அப்பா மூன்று நாளாக ஈப்போவில், ஐசியூவில் கிடந்தார். "டியூட்டிய யாருக்காச்சும் மாத்தி விட்ரு, அக்கா," என்று தம்பி தேவன் கெஞ்சினான். நான் கேட்கவில்லை. வாக்குச் சாவடிக்கு நான்தான் தலைவி. கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டேன். விதிமுறையைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று ஆசிரியர் அறையில் எனக்கு ஏற்கெனவே பேர் உண்டு.

என் அறை சாலுரான் ஒன்று, அதாவது முதல் வாக்கு வரிசை. வயதில் மூத்தவர்கள் ஓட்டுப் போடும் அறை. சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசலில் பலகை போட்டேன். பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, மூடி, முத்திரை எண்ணை வாசித்து, கட்சி முகவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். எங்களுக்கு இயந்திரம் எதுவும் கிடையாது. ஆள் வந்து நின்றதும் எழுத்தர் வேலை பார்க்கும் கெராணி அடையாள அட்டையைப் பார்த்து எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். முகவர்கள் தங்கள் பட்டியலில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார்கள். பிறகு இடது கை ஆள்காட்டி விரலில் மை. கோடு விழுந்தவர் வந்த வேலை முடிந்தது. அந்தப் பேரில் இனி யாரும் வர முடியாது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மின்சாரமும் போயிற்று. பட்டப்பகலில் அறை கருத்துப்போனது. வரிசையில் யாரும் இல்லை.

சும்மா உட்கார என்னால் முடியாது. கெராணி ரஸ்னாவின் பட்டியலும் முகவர்களின் பட்டியலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நினைத்தேன். தாள்களை அருகருகே வைத்துப் பார்த்திருக்கலாம். அவசரக்குடுக்கை நான். கோடு விழாத பெயர்களை, வகுப்பறைக் குரலில், ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன். மொத்தம் பன்னிரண்டு.

பன்னிரண்டாவது பெயர், "பத்துமலை அனாக் லெலாக்கி மாயாண்டி." மாயாண்டியின் மகன் பத்துமலை.

வாய் வாசித்து முடித்த பிறகுதான் மனசுக்கு உறைத்தது.

முகவர் கனகராஜ் அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"ஷர்மினி டீச்சர், ஆளு முன்னால நின்னாதானே பேர வாசிக்கணும்?" என்றார் மெதுவாக. "கடைசி ஆளப் பத்தி இப்ப எனக்குத் தெரியல. மத்த பதினோரு பேரும் செத்துட்டாங்க லா. வீட்டாளுங்க சாவப் பதியாம விட்டுட்டாங்க."

"கடைசி பேரு எங்கப்பா. உயிரோட இருக்காரு," என்றேன்.

அவர் வாசலையே பார்த்தார்.

முதலில் வாடைதான் வந்தது. ரப்பர் பால் புளித்த வாடை.

மழைக்குள் யாரோ நடந்து வந்தார்கள். ஒருவரல்ல, நிறையப் பேர்.

பலகையில் ஒரு கிழவி ஏறினாள். பலகை சத்தம் போடவில்லை.

"கருப்பம்மாள் அத்த," என்று கனகராஜ் முனகினார். "கொரோனாவுல போனவங்க."

கிழவி என் மேசை முன்னால் நின்று இடது கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை வராந்தா முழுக்க நீண்டது. எல்லாரும் பொறுமையாக நின்றார்கள். ஓட்டு நாளில் எங்கள் ஆட்கள் எப்போதும் அப்படித்தான் நிற்பார்கள்.

வரிசையின் கடைசியில் பச்சை ஆஸ்பத்திரி அங்கி தெரிந்தது.

ஐந்து வருஷமாகக் கம்பு இல்லாமல் நடக்காத என் அப்பா, கம்பு இல்லாமல் நின்றார்.

வரிசை விலகி அவருக்கு வழி விட்டது. அவர் என் முன்னால் வந்தார். நனைந்த முகம். கண் மட்டும் என்னைத் தெரிந்த கண்.

"பேர வாசிம்மா," என்றார். "ரொம்ப நேரமா நிக்கிறோம்."

வாசித்தால் கோடு விழும். கோடு விழுந்தால் அப்பாவுக்கு வந்த வேலை முடிந்துவிடும். அது எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. பட்டியலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"வாசிக்க மாட்டேன்பா. நீங்க திரும்பிப் போங்க."

"டீச்சர், யார்கிட்ட பேசறீங்க?" என்று ரஸ்னா கேட்டாள். அவளுக்கு வாசலில் மழை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அப்பா திரும்பி நடந்தார்.

மற்றவர்களும் திரும்பி அவர் பின்னாலேயே போனார்கள்.

ஆறு மணிக்குச் சாவடியை மூடினோம். எண்ணிக்கையில் ஒரு சீட்டுகூடப் பிசகவில்லை. எல்லாம் முடிந்து கைப்பேசியைத் திறந்ததும் தேவன் அழைத்தான்.

"அக்கா, மூணேமுக்காலுக்கு அப்பா நெஞ்சு நின்னுபோச்சு. நாலு நிமிஷம். டாக்டரே கைய விரிச்சிட்டாரு. அப்புறம் தானா திரும்பிருச்சுக்கா!"

பள்ளித் திடலில் நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில் சிரிக்கவும் செய்தேன். சாவை வாசலோடு திருப்பி அனுப்பியவள் என்று எனக்கு அப்போது அவ்வளவு திமிர்.

மறுநாள் காலை அப்பாவுக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். தேவனும் நானும் கட்டிலருகே உட்கார்ந்தோம். பக்கத்துக் கட்டிலை மறைத்துத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

"ஏம்மா திருப்பி அனுப்பிச்ச?" என்றார் அப்பா. குரல் கரகரத்தது.

நான் தேவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவங்களும் என்கூடவே வந்துட்டாங்க. பதினோரு பேரும். கூப்பிட்டுட்டு வாசிக்காம விட்டா எங்க போவாங்க, பாவம்?"

"எங்க இருக்காங்கப்பா?"

அவர் திரையைப் பார்த்தார்.

"வாசிக்க மாட்டேன்னு சொன்ன பிள்ள யாருன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெத்த மவளாச்சே, பெருமையா இருந்துச்சு. முழுப் பேரும் சொல்லிட்டேன்."

திரைக்குப் பின்னாலிருந்து பால் புளித்த வாடை வந்தது. ஒரு கிழவியின் குரல், அவசரமில்லாமல், என் அடையாள அட்டை எண்ணை வாசித்தது. பிறகு, "ஷர்மினி அனாக் பெரெம்புவான் பத்துமலை."

தேவன் என் தோளைப் பிடித்து இழுத்தபோதுதான், நாற்காலியை விட்டு எழுந்து திரைவரை நான் நடந்து போயிருந்தது எனக்கே தெரிந்தது.

அந்தக் கட்டிலில் யாருமில்லை என்று தேவன் சொல்கிறான். இரண்டு நாளாகக் காலியாம். இப்போது என்னைத் தனியாக விடாமல் என் வீட்டிலேயே வந்து தங்கியிருக்கிறான். திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போக வேண்டும்.