வழக்கம்போல் என்றது மீட்டர்

நவம்பர் மாதக் கடைசியில், மலையுச்சிகளில் முதல் பனி வெளுத்துக் கிடந்த ஒரு பிற்பகலில், இகுயோ அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நகோயாவில் காலையில் கிளம்பியவள். இரண்டு ரயில் மாறி, கடைசியாகப் பேருந்தில் ஏறியபோது அவளையும் ஓட்டுநரையும் தவிர அதில் வேறு ஆளில்லை. மேட்டின் மேல் அந்தப் பழைய மரவீடு தனியாக நின்றது. அவளுடைய அப்பா கென்ஸாகு ஏணியில் நின்றபடி, வரப்போகும் பனியின் பாரம் கண்ணாடியை உடைத்துவிடாதபடி சன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணிகள். மகளைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார்.

அம்மா இறந்தபிறகு அவர் அங்கே தனியாகத்தான் இருந்தார். இகுயோவும் தனிக்கட்டைதான். ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பிரிவில் வேலை, நகோயாவில் ஆறாவது மாடியில் ஒரு சின்ன வீடு. அவள் இம்முறை வந்ததற்குக் காரணம் ஒரு மீட்டர். ஊரில் எல்லார் வீட்டிலும் சுழலும் தகடு வைத்த பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டியாயிற்று. கென்ஸாகு மட்டும், மாட்ட வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

அடியில் மின்கணப்பு பொருத்திய தாழ்ந்த மேசையில், மெத்தைப் போர்வைக்குள் கால்களை நீட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் தேநீர் ஊற்றி, உப்பிலிட்ட கீரையைத் தட்டில் வைத்தார். அவள் பேச்சைத் தொடங்கினாள்.

"உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லப்பா. நீங்க பாட்டுக்கு இருங்க. எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு அதுவே சொல்லிடும். என் போன்ல வந்துடும்."

"வந்தா?"

"எழுந்துட்டீங்க, சோறு வச்சீங்க, குளிச்சீங்க, நல்லா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"குளிக்காம ஏமாத்தினா அதுவும் தெரிஞ்சிடுமா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தன் வீட்டில் விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்பது யாரோ முகம் தெரியாதவனுக்கு எதற்கு என்று கேட்டார். பழைய மீட்டரைப் பார்த்து எழுத மாதம் ஒருமுறை ஒரு பெண் வருவாள், வாசலில் நின்று குரல் கொடுப்பாள், குளிர் நாளில் தேநீர் குடித்துவிட்டுப் போவாள், இந்தப் பெட்டி வந்தால் அவளும் வரமாட்டாள் என்றார். இகுயோ பொறுமையாகக் கேட்டாள். போன குளிர்காலத்தில் காய்ச்சலில் விழுந்து அவர் போனை எடுக்காமல் கிடந்ததையும், அவள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்ததையும் நினைவுபடுத்தினாள்.

கென்ஸாகு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் இருக்கேனா போனேனான்னு தெரியணும்னா வந்து பாரு இகுயோ. சுவத்துல தொங்குற பெட்டிகிட்ட கேக்காத."

"வந்து பாக்க முடியாததாலதானப்பா கேக்கறேன்."

வெளியே காற்று பலகைகளைத் தட்டிப் பார்த்தது. வெகுநேரம் கழித்து, "சரி, மாட்டிக்க" என்றார், ஏதோ அவளுடைய வீட்டில் மாட்டுவதைப்போல.

மறுநாளே மாட்டினார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற கென்ஸாகு, இது எப்போதாவது தூங்குமா என்று மாட்ட வந்தவனிடம் கேட்டார். அவன் தூங்காது என்றான், சிரித்துக்கொண்டே.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கைப்பேசியில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்ததும் எழும் சிறு குன்று ரைஸ் குக்கர். பகலெல்லாம் தாழ்வாக ஓடும் அலை கணப்புமேசை. சாயங்காலம் உயரும் மலை குளியல் வெந்நீர். இருட்டியதும் ஒரு வரிச் செய்தி வரும்: 'இன்று வழக்கம்போல்.' ஏதாவது பிசகினால், 'வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, நேரில் சென்று பார்க்கவும்' என்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒருநாளும் வரவில்லை.

முதலில் அவள் தினமும் போனும் செய்தாள். பிறகு அது குறைந்தது. புத்தாண்டுக்கு அவளுக்கு ஜலதோஷம், போகவில்லை. "பரவால்ல. அதான் பெட்டி இருக்கே" என்றார் அவர், போனில். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் உடனே கோட்டைப் பார்ப்பாள். குன்று எழுந்திருக்கும். சோறு வெந்துகொண்டிருக்கிறது, ஆனால் என்னோடு பேச மாட்டார், புத்தாண்டுக்கு வராத கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அலுவலகத்தில் யாராவது விசாரித்தால், எங்க அப்பா கடிகாரம் மாதிரி என்று சொல்லிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நண்பகலில் தொகியே கூப்பிட்டாள். மேட்டுக்குக் கீழே இருக்கும் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி. பனிக்காலத்தை மகன் வீட்டில் கழிப்பவள், கூரைப் பனியைத் தள்ள ஆள் வைக்க அன்றைக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

"இகுயோ, உங்கப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"நல்லா இருக்காரே அக்கா. ஏன்?"

"வாசல்ல பனி ஆள் உயரத்துக்குக் கெடக்கு. ஒரு காலடி இல்ல. கூப்பிட்டுப் பாத்தேன், உள்ள இருமினாரு. டிவி சத்தமும் கேட்டுது. ஆனா கதவு வரைக்கும் வரல. மனுஷன் அப்படிச் செய்யமாட்டாரே."

இகுயோ போனைக் காதிலிருந்து எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கும்போதே கொஞ்சம் மேலேறியது.

மறுநாள் விடியுமுன்பே கிளம்பி அவள் அங்கே போய் நின்றபோது தொகியே மகன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அவள் வீட்டுக் கொட்டகையிலிருந்து மண்வாரியை எடுத்துக்கொண்டு இகுயோ வாசல்பனியை வெட்டித் தள்ளினாள். உச்சிவெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. எங்கும் ஒரு சத்தமில்லை. தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. கதவு இறுகிப்போயிருந்தது, தோளைக் கொடுத்து நகர்த்தினாள்.

உள்ளே இருட்டு.

பனி தாழ்வாரம் வரைக்கும் ஏறி, பலகை அடித்த சன்னல்களை முழுவதுமாக மூடியிருந்தது. நடுப்பகலில் அந்த வீடு ஒரு மூடிய பெட்டியின் உட்புறம்போல இருந்தது. ஆனால் அந்த இருட்டுக்குள்ளிருந்து சூடான சோற்றின் மணம் வந்தது.

"அப்பா?"

"ம்."

பின்கட்டிலிருந்து. அவருடைய குரல்தான், தொண்டையில் சளி கட்டியதுபோல. காலணியைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மூலையில் தொலைக்காட்சி தணிந்த சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீல வெளிச்சத்தில் அம்மாவின் படமிருந்த மாடம் தெரிந்தது. படத்தின் முன்னால் சின்னக் கிண்ணத்தில் சோறு. அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

கணப்புமேசையின் போர்வைக்குள் கால்களை நுழைத்தாள். கதகதப்பாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் போர்வை, இப்போதுதான் யாரோ எழுந்துபோனதுபோல மடங்கிக் கிடந்தது. அந்தச் சூட்டில் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். போனை எடுத்தால் என்ன கெட்டுப்போகும், ஊரே பதறுகிறது, இந்த வயதில் இவ்வளவு பிடிவாதமா என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள்.

நடையில் செருப்பு தேய்க்கும் ஓசை கேட்டது. மெதுவாக வந்தது. காகிதக் கதவுக்கு அந்தப்புறம் நின்றது.

"உள்ள வாங்கப்பா. அங்க குளிரும்."

"ம்."

வரவில்லை.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அந்தக் கதவின் கீழிடுக்கு வழியாக வந்த காற்று, வெளியில் பனியில் நின்றபோது அடித்ததைவிடக் குளிர்ந்திருந்தது.

"அப்பா?"

பதில் இல்லை.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

கதவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. நீளமான நடை, அதன் கோடியில் பாதி திறந்த பின்வாசல், உள்ளே வந்து குவிந்த பனி. அந்தக் குவியலின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார் கென்ஸாகு. கையில் பனி தள்ளும் மண்வாரி. புருவங்களில் வெள்ளை பூத்திருந்தது. அவள் ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அது மனித உடம்பைத் தொட்டதுபோல இல்லை. வெகுநாள் வெளியில் கிடந்த மரக்கட்டையைத் தொட்டதுபோல இருந்தது.

அவளுக்குப் பின்னால், சமையலறையில், ரைஸ் குக்கரின் விசையை யாரோ அழுத்தும் 'டக்' சத்தம் கேட்டது.

போலீஸ்காரரும் மருத்துவரும் வந்தார்கள். இறந்து ஒரு மாதத்துக்குக் குறையாது என்றார் மருத்துவர், குளிரில் உடல் கெடவில்லை. பின்வாசல் பனியைத் தள்ளப் போய், மார்படைத்து விழுந்திருக்க வேண்டும். இளம் போலீஸ்காரர் சமையலறையில் வெகுநேரம் நின்றார். வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் கைப்பேசியை நீட்டினாள். அந்த மாதத்தின் குன்றுகளையும் மலைகளையும், ஒவ்வொரு நாளுக்கும் அடியில் இருந்த 'இன்று வழக்கம்போல்' என்ற வரியையும் அவர் பார்த்தார். சுட்டுவிட்டதுபோலத் திருப்பிக் கொடுத்தார்.

"மெஷின் கோளாறா இருக்கும்மா" என்றார். பிறகு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "இத வேற யாருகிட்டயும் காட்டாதீங்க" என்றார்.

தகனம் முடிந்தது. இகுயோ தன் கையால் மின் இணைப்பின் பெரிய விசையைக் கீழே தள்ளினாள். மின் கம்பெனிக்காரர்கள் தங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே கரண்டைத் துண்டித்தார்கள். கண்காணிப்புச் சேவையையும் அவள் நிறுத்தினாள். கோடு நின்றது. ஆனால் அவள் மனம் நிற்கவில்லை. ஒரு மாதம் முழுக்க, இருட்டியதும் அந்த வரியைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாளே, அது யாருடைய சமாசாரம்? அவர் அந்த நடையில் கிடந்தபோது, அவள் வராமலிருக்கும்படி பார்த்துக்கொண்டது எது? பேருந்தில், அலுவலகத்தில், குளிக்கும்போது, இந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. பெட்டியை மறுத்தவர் அவர். மாட்டச் சொன்னவள் அவள்.

மார்ச் முடிந்து நகோயாவில் செர்ரி மரங்கள் பூத்தன. ஒருநாள் மதிய உணவின்போது அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது.

'உங்கள் வீட்டு மின்பயன்பாட்டைப் பார்க்க ஒருவர் சேர்க்கப்பட்டுள்ளார்.'

அவளுடைய வீட்டிலும் அதே மாதிரி மீட்டர்தான். அவள் உடனே கம்பெனிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

"ஒப்புதல் உங்க வீட்லேருந்துதாங்க வந்திருக்கு."

"நான் குடுக்கல. என் வீட்ல வேற யாரும் இல்ல. யார் பேரு போட்டிருக்கு?"

சற்று நேரம் தட்டச்சு ஓசை மட்டும் கேட்டது. "பேரு இல்லைங்க. உறவுங்கற இடத்துல மட்டும் அப்பான்னு இருக்கு."

நீக்கச் சொன்னாள். பார்க்கிறவர்தான் விலகிக்கொள்ள வேண்டும், இங்கிருந்து முடியவில்லை என்று அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குள் வந்ததும் இகுயோவின் கை வழக்கமாக விளக்கு விசைக்குப் போனது. பாதியில் நின்றது.

போடவில்லை.

இருட்டிலேயே தடவிப் போய்க் குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். ஒவ்வொரு செருகியையும் தேடிப் பிடுங்கினாள். கழற்றாத கோட்டோடு தரையில் உட்கார்ந்தாள். தன்னைப்பற்றி இனி ஒரு சிறு குன்றுகூட யாருக்கும் தெரியக்கூடாது. சன்னலில் மாலை வெளிச்சம் சாம்பலாகி, பிறகு அதுவும் போனது. பக்கத்து வீடுகளில் மீன் வறுக்கும் மணம், பாத்திரம் கழுவும் ஓசை. அவள் அசையாமல் இருந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. இப்படி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன செய்தி போகும் என்பது.

வெளி நடையில் லிஃப்ட் திறந்தது.

காலடிகள். கனமான ரப்பர் காலணி, ஒவ்வோர் அடியிலும் ஏதோ நொறுங்கும் ஓசை. ஒவ்வொரு கதவாகக் கடந்து வந்தது. அவள் கதவின் முன்னால் நின்றது. ஒருமுறை இருமியது.

"இகுயோ. இருக்கியாம்மா?"

அதில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குலைத்தது. உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். ஓசை திரும்பிப் போகவும் இல்லை, மீண்டும் கேட்கவும் இல்லை.

பக்கத்து வீட்டில் குழந்தைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்து, அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

நடை காலியாக இருந்தது. விளக்கு பிரகாசமாக எரிந்தது. கீழே தெருவிலிருந்து பூக்களின் மெல்லிய மணம் ஏறி வந்தது. வாசற்படிக்கு வெளியே, காலணி அச்சில், இறுகிய பனிக்கட்டிகள் இரண்டு கிடந்தன. அந்த வெதுவெதுப்பான காற்றிலும் அவை உருகவில்லை.

அவள் மெதுவாகப் பார்வையைத் தாழ்த்தினாள். மூன்றாவது தடம் படிக்கு இந்தப் பக்கம், அவள் காலுக்கு அருகில், வீட்டுக்குள் நோக்கிப் பதிந்திருந்தது.