மரத்தின் வயிற்றில் மச்சான்

மரத்துக்குள் ஒரு பிணம் இருந்தது.

அது ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

மர டாக்டர் என்று பெயர். பொந்து விழுந்த மரங்களைச் சிமென்ட்டால் அடைத்துப் பிழைக்க வைப்பது தொழில். மூன்று வருஷத்துக்கு முன்பு, இவன் நல்ல மரங்களை நோய் மரமென்று எழுதிக் கொடுத்து வெட்டவிட்டதைக் கூட்டாளி கண்டுபிடித்தான். கூட்டாளி, ஆயிரம் வருஷ மரமொன்றின் பொந்துக்குள் போனான். 'எவளோடோ ஓடிப்போய்விட்டான்' என்று ஊர் நம்பியது. தலைகுனிந்த அந்தக் குடும்பத்துப் பெண்ணை, கூட்டாளியின் தங்கையை, பெருந்தன்மையோடு கட்டிக்கொண்டான் டாக்டர்.

அவள்தான் கார் ஓட்டினாள்.

ஊர் சுற்றலாமென்று அவள் கிளப்பிய பயணம். பதினோரு நாள்... ஆறு காடு... தினம் ஒரு இடத்தில் கூடாரம்.

"இந்தப் பக்கம் ரோடு சரியில்லம்மா. திரும்பிடலாம்."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் என்னமோ. காலைலேர்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கீங்க."

"அட்டை கடிக்கும்."

"உங்களோட ரெண்டு வருஷம் குடும்பம் நடத்திட்டேன். அட்டை என்னங்க பண்ணிடும்?"

கார் நின்றது.

அதே மரம்!

அவன் அடிமரத்தைக் கண்ணால் துழாவினான். ஆனால் அடைத்த இடம் தெரியவில்லை. பாசி படர்ந்து, பட்டையோடு பட்டையாகிவிட்டது. மரத்தைப் பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது.

அவள் மரத்தைச் சுற்றினாள். மண்டியிட்டாள். சருகை விலக்கினாள்.

"ஓடைப் பக்கம் கூடாரம் போடலாமே..."

"இருங்க. இது உங்க வேலைதானே?"

விரல் பருமனில் ஒரு குழாய். வாயில் செம்பு வலை.

"உள்ள ஊறுற தண்ணி வடியறதுக்குக் குழாய். எறும்பு ஏறாம வலை. மத்தவன்லாம் சிமென்ட்டைக் கொட்டிட்டுப் போயிடுவான், மரம் அழுகிடும், நான் ஒருத்தன்தான் குழாய் வைப்பேன்னு தினமும் சொல்வீங்களே."

ஆளைக் கொன்ற கைக்கு, மரத்தைக் கொல்ல மனம் வரவில்லை. தொழில் திமிர்!

"இருக்கலாம். எத்தனையோ மரம் பாத்திருக்கேன்."

"பாத்த மரத்துக்கெல்லாம் ஃபைல் வச்சிருக்கீங்க. இந்தக் காடே அதுல இல்ல. அண்ணன் காணாமப் போன அன்னைக்கு உங்க வண்டில நாலு மூட்டை சிமென்ட் போயிருக்கு. எந்த மரத்துக்குன்னும் எழுதல."

"என்ன சொல்ல வர்றே?"

"உங்க கருவிப் பெட்டி அடியில அவன் மூக்குக்கண்ணாடி கிடந்துச்சு. அது இல்லன்னா எதிர்ல நிக்கற எருமையே அவனுக்குத் தெரியாது. எவளைப் பாத்து ஓடினானாம்?"

டாக்டரின் கை, விறகு வெட்டும் கத்தியை எடுத்தது.

"ஊர் சுத்தவா வந்தேன்னு நினைச்சீங்க? ஆறு காட்டுலயும் கிழட்டு மரம் ஒண்ணு விடாம காலடியைத் தடவிப் பாத்தேன்."

"உன்னையும் வச்சுப் பூச எனக்கு அரை நாள் போதும்."

"தெரியும். அதான் துணைக்கு ஆள் கூட்டிட்டு வந்தேன்."

புதர் விலகியது. துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"கத்தியைக் கீழ போடுங்க டாக்டர். பதினோரு நாளா உங்க பின்னாலயே கட்டாந்தரையில படுத்து என் முதுகு போச்சு."

கத்தி விழுந்தது. விலங்கு விழுந்தது.

உளி ஏறியது. ஒரு மணி நேரத்தில் சிமென்ட் பிளந்து, சட்டைக் கை ஒன்று தெரிந்தது. அண்ணனின் கட்டம் போட்ட சட்டை.

அவள் அழவில்லை. போனை எடுத்தாள். மூன்று வருஷமாக வாசற்படி தாண்டாத மனிதருக்கு.

"அப்பா... செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுக்குப் போங்க. நாலு பேர் பாக்கற மாதிரி நடங்க. நம்ம வீட்டுல யாரும் ஓடிப்போகல."

ஜீப்பில் ஏற்றும்போது டாக்டர் திரும்பிப் பார்த்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

"பொந்தைத் திறந்து போட்டுடாதீங்க சார். மழை இறங்கினா மரம் செத்துடும்."

இன்ஸ்பெக்டர் முதுகைத் தேய்த்துக்கொண்டார்.

"கவலையை விடுங்க. நோயாளி நல்லா இருக்கார். டாக்டருக்குத்தான் நாள் குறிச்சாச்சு."