எல்லாம் தெரிந்தவரின் வீடு

சாமான் ஏற்றி வந்த லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தபோதே, சுத்தியல் சார் புது வீட்டுக்குள் நுழைந்து சுவரைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்வது அவர் தொழில். கையடக்கமான ஒரு சுத்தியல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். சுவரில் ஓங்கி ஒரு தட்டு, லேசாக இரண்டு தட்டு, பிறகு காதை வைத்துக் கேட்பார். கெட்டியான சத்தம் வந்தால் உதட்டைப் பிதுக்குவார். உள்ளே காலி என்று சத்தம் வந்தால் இன்னும் அதிகமாகப் பிதுக்குவார். அவர் உதட்டைப் பிதுக்காத வீடு இதுவரை கட்டப்படவில்லை. கொத்தனார்கள்தான் அவருக்கு சுத்தியல் சார் என்று பெயர் வைத்தார்கள். வேறு சில பெயர்களும் வைத்திருந்தார்கள், அவை இங்கே வேண்டாம்.

"தெரியாது" என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வழி கேட்டு வந்தவர்களை எங்கெங்கோ அனுப்பி வைப்பாரே தவிர, தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டார். ஒருமுறை மனைவியோடு தப்பான பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய் இறங்கி, "இந்தப் பக்கம் காத்து நல்லா இருக்கும்னுதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். அங்கே காற்று இல்லை. சாக்கடை இருந்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

வீட்டை விற்ற பழைய வீட்டுக்காரம்மா வாசலில் சாவியோடு நின்றிருந்தாள். ஓய்வு பெற்ற நர்ஸ், அதிகம் பேசாதவள். சுத்தியல் சார் நீட்டிய கையைப் பார்க்காதது போல், சாவியை அவர் மனைவியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்ன வேணுமோ வாய்விட்டுச் சொல்லும்மா. மனசுலயே வெச்சுக்காத."

"சுவத்துக்கிட்டயா சொல்லணும்?" என்று சார் சிரித்தார்.

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பாரு. அவருக்கும் எல்லாம் தெரியும்."

"அவர் உங்ககூட வரலையாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

அந்தம்மா மாடிப்படியை ஒட்டிய சுவரைச் சற்று நேரம் பார்த்தாள். "வரல," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள்.

"கிழவிக்கு மூளை கலங்கிடுச்சு," என்றார் சார். அவருக்குத் தெரியும்.

வீட்டில் பகலிலும் இருட்டு தேங்கி நின்றது. ஜன்னல்கள் குறைவு. கூடத்தில் பேசினால் குரல் மாடிப்படிவரை போய்த் திரும்பாமல் அங்கேயே நின்றுவிடும். சமையலறை அதைவிட மோசம், வெங்காயம் நறுக்கக்கூட விளக்குப் போடவேண்டும். மனைவி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, யாருக்கென்றில்லாமல் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இங்க ஒரு ஜன்னல் இருந்தா நல்லா இருக்கும்."

சார் விடுவாரா? சுத்தியலை எடுத்து அந்தச் சுவரை மேலும் கீழும் தட்டிக் காட்டினார். கெட்டியான சத்தம். இது பாரம் தாங்குகிற சுவர், இதில் ஜன்னல் வைக்க யாருக்கும் புத்தி வராது என்று ஒரு பாடமே எடுத்தார். முடிவில் வழக்கமான முத்தாய்ப்பு. "உனக்கு என்ன தெரியும்?"

மறுநாள் காலையில் சமையலறையில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தது.

துடைத்த கண்ணாடி. எண்ணெய் போட்ட கீல். மனைவி நிற்கும் இடத்தில் மட்டும் விழும்படி சாய்வான வெயில்.

சார் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். நேற்று தட்டிய இடத்தில் சுத்தியலின் தழும்புகள் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. ஒன்று, இவ்வளவு பெரிய ஜன்னலை அவர் கவனிக்காமல் விட்டிருக்கவேண்டும். அல்லது அது இரவோடு இரவாக வந்திருக்கவேண்டும். எதைச் சொன்னாலும் தனக்குத் தெரியவில்லை என்றாகிவிடும். அவரைப் போன்றவர்கள் இந்த மாதிரி இக்கட்டில் மாட்டிக்கொண்டால் வெளியே வர வைத்திருக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்.

"ம்," என்றார். "எனக்குத் தெரியும். நீயே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்."

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஜன்னல் கதவைத் திறந்து காற்றை உள்ளே விட்டாள்.

அதற்குப் பிறகு வீடு தாராளமாகிவிட்டது. மாத்திரை டப்பாவை வைக்க ஒரு மாடம் இருந்தால் தேவலை என்றாள், படுக்கையருகே மாடம் வந்தது. நின்று நின்று கால் வலிக்கிறது என்றாள், மாடிப்படிக்குக் கீழே உட்கார வழவழப்பான ஒரு கல்மேடை வந்தது. அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். சாயங்காலம் அந்த மேடையில் சாய்ந்தால் முதுகுக்குச் சரியாக வளைந்து கொடுத்தது. எல்லாமே அவளுடைய உயரத்துக்கு, அவளுடைய கைக்கு எட்டும்படி. சார் நிமிர்ந்தால் தலையில் இடித்தது, அவள் கேட்டு வந்த இழுப்பறையைத் தொட்டால் விரல் நசுங்கியது. அவளுக்கு வெதுவெதுப்பாக இருந்த கல்மேடை அவர் உட்கார்ந்தால் சில்லிட்டது.

ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது ஒன்றுதான். எனக்குத் தெரியும்.

மாடிப்படிச் சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வர ஆரம்பித்தது. லேசாக எதையோ தடவுவது போல. சில நேரம் யாரோ தொண்டையைச் செருமுவது போல.

"எலி," என்றார் சார்.

எலி செருமுமா என்று மனைவி கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க, இதெல்லாம் முன்னாடி இல்ல. நீங்களே தட்டிப் பாத்தீங்க. எனக்கு உள்ள வரவே கால் நடுங்குது. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்து பயப்படலாம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். கூடச் சேர்ந்து பயப்பட ஒரு ஆள். இத்தனை வருஷத்தில் அவள் இந்த மனுஷனிடம் வேறு எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ராத்திரி விளக்கை அணைக்கப் பயந்து, படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு கிடந்தவர் அவர். ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார்.

"பயப்பட இதுல என்ன இருக்கு? பழைய காலத்துக் கட்டுமானம், அப்படித்தான் இருக்கும். மாத்திரை எண்ணிக் குடுக்கறவளுக்கு வீட்டப் பத்தி என்ன தெரியும்?"

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் பயப்படுவதை நிறுத்திவிட்டாள். அவர் அதையும் தன்னுடைய சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மனைவியின் தங்கை வீடு பார்க்க வந்தாள். சாருக்குக் கொண்டாட்டம். ஜன்னலைக் காட்டினார், மாடத்தைக் காட்டினார், கல்மேடையைக் காட்டினார். எல்லாம் வாங்கும்போதே தனக்குத் தெரியும் என்றும், பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது தான்தான் என்றும் அளந்தார். "உங்கக்காவா? அவளுக்கு இது சுவர், இது கதவுன்னு காட்டினாத்தான் தெரியும்," என்று முடித்துச் சிரித்தார்.

தங்கை மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மனைவி டீக் கோப்பையோடு எழுந்து மாடிப்படிச் சுவரின் அருகே போய் நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. தங்கைக்குக் கேட்கவில்லை. சாருக்கு அரைகுறையாகக் கேட்டது, ஆனால் அவள் பேசுவதைக் காதில் வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"எல்லாம் தெரிஞ்சவரு. அவருக்குன்னு ஒரு ரூம் இருந்தா நல்லா இருக்கும்."

கூடத்தில் ஈரச் சுண்ணாம்பு வாடை பரவியது.

"மாமா," என்றாள் தங்கை. "இங்க ஒரு கதவு இருக்கே, இதக் காட்டவே இல்லையே?"

மாடிப்படிச் சுவரில் கதவு இருந்தது. கனமான மரக்கதவு. அதன் கைப்பிடி சரியாக அவருடைய கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. இந்த வீட்டில் அவருடைய அளவுக்கு வந்த முதல் பொருள் அதுதான். பார்த்ததும் அவர் ஓர் அடி பின்வாங்கினார், ஆனாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"உள்ள என்ன மாமா இருக்கு?"

"என் ஆபீஸ் ரூம். எனக்குன்னு ஒதுக்கி வெச்சது."

"உள்ள போயிருக்கீங்களா?"

"பல தடவ."

மனைவி அருகில் வந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "சுவிட்ச் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். தானே கேட்டு வாங்கியதைப் பார்த்துத் தானே நடுங்கிப்போயிருந்தாள். "போகாதீங்க. தெரியலன்னு சொல்லிடுங்க. வேற எதுவும் வேணாம்."

தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சார் கையை உதறிவிட்டு, கதவைத் திறந்து, வழக்கமாகப் போய்வருகிறவர் நடக்கும் நடையில் உள்ளே போனார்.

இடது பக்கம் சுவிட்ச் இல்லை.

வலது பக்கமும் இல்லை.

திரும்பினார். பின்னால் வெளிச்சம் இல்லை. கதவு சாத்திய சத்தமே கேட்கவில்லை.

கையை நீட்டித் துழாவினார். மரம் தட்டுப்பட்டது. கைப்பிடியைத் தேடுவதற்குள் அந்த மரம் ஈரச் சுண்ணாம்பாகியிருந்தது. இன்னொருமுறை தடவினார். ஈரம் காய்ந்திருந்தது.

அறை பழைய துணியும் பழைய மூச்சும் கலந்து நாறியது.

சுத்தியலை எடுத்துத் தட்டினார். ஓங்கி ஒன்று, லேசாக இரண்டு. அந்தப் பக்கம் காலி என்ற சத்தம் வந்தது. மெல்லிய சுவர்தான். உயிர் வந்தது அவருக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம், காதுக்கு வெகு அருகில், மனைவியின் குரல்.

"கேக்குதா?"

"கேக்குது."

"நான் சொன்னா கதவு வரும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த வீட்டப் பத்தி எனக்குத் தெரியலன்னு. அது போதும்."

அவர் வாயைத் திறந்தார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே தங்கை, "என்னக்கா, மாமாவுக்கு வெளிய வரத் தெரியலையா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

சொல் உள்ளே போய்விட்டது.

"இதுல ஒரு தாழ்ப்பாள் இருக்கு," என்றார் சார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எனக்குத் தெரியும். நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

அந்தப் பக்கம் டீக் கோப்பையைக் கல்மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகும் வெகுநேரம் அவள் அங்கேயே நின்றாள், மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. பிறகு, சமையலறையில் ஜன்னல் கேட்ட அதே தாழ்ந்த குரலில் அவள் சொன்னாள்.

"இந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் தடிமனா இருந்தா நல்லா இருக்கும்."

சுவர் அவர் மார்பை மெதுவாகத் தள்ளியது. அவர் பின்வாங்கினார். அது கூடவே வந்தது, வந்து ஓர் இடத்தில் நின்றது. ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கை அடைத்தது.

தட்டினார். கெட்டியான சத்தம்.

வேறு இடத்தில் தட்டினார். கெட்டியான சத்தம்.

வாழ்நாளில் முதல்முறையாக அவர் உதட்டைப் பிதுக்கவில்லை.

"எனக்குத் தெரியல," என்று முணுமுணுத்தார். பிறகு கத்தினார். "ஏய், எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அதைக் கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவளுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தடிமனான சுவர், நல்ல கட்டுமானம்.

இருட்டில் அவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அங்க தட்டாத," என்றது காய்ந்துபோன ஒரு குரல். அதில் ஏளனம் சொட்டியது. "தாழ்ப்பாள் இந்தப் பக்கம் இருக்கு. எனக்குத் தெரியும்."