காத்திருப்பு வீண்

உடம்புக்குள் படமெடுத்து நோயைத் தானே சொல்லும் உள்ளொளிப் பெட்டிக்குள் படுத்திருந்த டாக்டர் செண்பகவல்லி எழுந்து வருவதற்குள் தீர்ப்பு திரையில் வந்துவிட்டது. பித்தப்பைப் புற்று, உறுதி. பித்தப்பையோடு ஈரலில் ஒரு பங்கையும் பித்தக்குழாயையும் சேர்த்து வெட்ட வேண்டும். அறுபத்தோரு வயதில், சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு, அறுவை மேசையிலிருந்து உயிரோடு எழுவோமா என்று அவருக்குப் பயமாக இருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பையின் சுவர் தடித்து ஈரலோடு ஒட்டிக் கிடந்தது. புற்று அப்படித்தான் இருக்கும். ஆனால் அபூர்வமாக, நாள்பட்ட அழற்சியும் அச்சு அசலாக அதே வேஷம் போடும். கொழுப்பை விழுங்கி ஊதிய நுரைச்செல்கள் சுவரில் குவிந்திருக்கும், அவ்வளவுதான். ஈரலைத் தொடவே வேண்டாம். முன்கூட்டியே ஊசியால் குத்தி எடுத்தால் புற்று பரவிவிடலாம் என்பதால், எது என்று அறிய வழி ஒன்றுதான். வயிற்றைத் திறந்ததும் ஒரு துண்டை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும் திசுச் சோதனைக் கூடத்திலிருந்து ஃபோன் வரும்வரை, இருபது நிமிடம், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். முப்பது வருஷம் அந்த ஃபோனைப் போட்டவர் செண்பகவல்லி.

அறுவை மருத்துவர் ஜெபசிங்கிடம் அதையே கேட்டார். “ஒரு துண்டு எடுத்துப் பாத்துட்டு அப்புறமா வெட்டுங்க, ஜெபசிங்.”

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டார். “பாக்க யாரு மேடம் இருக்கா? எல்லா ஊர்லயும் கூடத்த மூடியாச்சு. கடைசி ஆள் நீங்க. நீங்க மயக்கத்துல இருப்பீங்க.”

கூடங்களை மூடலாம் என்று ஏழு வருஷத்துக்கு முன் அறிக்கை கொடுத்ததும் அவரேதான். பெட்டியின் தீர்ப்பும் தன் தீர்ப்பும் ஒருமுறைகூட முரண்படவில்லை, இனிக் காத்திருப்பு வீண் என்று எழுதியிருந்தார்.

எப்படி முரண்படும்? பெட்டியைச் சோதித்துப் பார்த்த காலத்தில் துண்டோடு வரும் சீட்டின் தலையிலேயே பெட்டியின் தீர்ப்பு அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் நுண்ணோக்கியில் கண்ணை வைப்பார். சிலமுறை நுரைச்செல் போலத் தெரிந்தது. இயந்திரமே சொல்லிவிட்டது, நமக்கேன் வம்பு என்று அவரும் புற்று என்றே ஃபோனில் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் பெட்டி பாடமாகப் படித்துக்கொண்டது.

எதை வைத்துச் சொல்கிறாய் என்று இப்போது பெட்டியைக் கேட்டார். திரையில் இன்னொருவரின் பித்தப்பை வந்தது. அதே தடிப்பு, அதே ஒட்டல். முன்னுதாரணம் 214, ஆண், வயது 44, பள்ளி ஆசிரியர். செண்பகவல்லிக்கு அந்தத் துண்டு நன்றாக நினைவிருந்தது. நுரைச்செல்கள்தான். அந்த மனிதர் மேசையிலிருந்து எழவே இல்லை.

ஜெபசிங் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். இது புற்றாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்ல யாருமில்லை. செண்பகவல்லி கையெழுத்துப் போட்டார். திரையில் 214-இன் திசு அறிக்கைக்குக் கீழேயும் அதே கையெழுத்துதான் இருந்தது.