அப்பா கிள்ளிய பூத்தண்டு

கேரள எல்லையோரத்து வெள்ளறடையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், "கிழங்குக் காரியத்துல எனக்கு மேல ஆளு கிடையாது!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர் ஒரே ஒருவர். அவர்தான் நந்தனாவின் அப்பா ராஜன்.

வம்பு வந்ததும் அதனால்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு கிழங்கு கொடுத்தார் ஷீஜா டீச்சர். பார்த்தால் நசுங்கிய வெங்காயம்போல இருந்தது.

"இது கிளாடியோலஸ். ஓணத்துக்குப் பூக்கும். பூ விரிஞ்சா கொண்டு வாங்க, ஓண விழா மேடையில வைப்போம்" என்றார் டீச்சர்.

நந்தனா வீட்டில் பூவைப் பற்றி மூச்சே விடவில்லை. விழாவன்று அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்து அசத்த வேண்டும்! "ஸ்கூல்ல ஒரு கிழங்கு தந்தாவ அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மரச்சீனிக்குச் செய்வதுபோல மண்ணைக் குவித்து மேடு போட்டாள். மழை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் வடிந்துவிடும், கிழங்கு அழுகாது. முளை மேலே பார்க்க, நான்கு விரல் ஆழத்தில் நட்டாள். வாள்போல இலைகள் வந்தன. காற்றில் சாயாமல் மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினாள். ஓணம் நெருங்கியபோது நடுவிலிருந்து ஒரு தண்டு நீண்டது. அதில் பதினோரு மொட்டுகள்! கீழ் மொட்டில் சிவப்பும் எட்டிப் பார்த்தது.

விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. பள்ளி விட்டு ஓடி வந்தவள் திகைத்து நின்றாள். இலைகள் இருந்தன, தண்டைக் காணோம்!

"அப்பா! எனக்க தண்டு எங்க?"

"கிள்ளியாச்சு மக்கா!" என்று சிரித்தபடி வந்தார் அப்பா. "பூ வந்தா கிழங்கு பெருக்காது, கேட்டியா? மஞ்சளுக்கும் கூவைக்கிழங்குக்கும் அப்பிடித்தான் செய்வேன். இனி பாரு, அப்பாக்க வேலையாக்கும்!"

நந்தனா தண்டு இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது திங்கிற கிழங்கு இல்ல அப்பா. பூச்செடியாக்கும். பூவைத்தான் ஓணத்துக்கு ஸ்கூல்ல வைக்கணும்."

அப்பாவின் முகம் சட்டென்று வாடியது. "ஐயோ, கெடுத்துட்டேனே மக்கா!" என்று தலையில் கை வைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவை இப்படி அவள் பார்த்ததே இல்லை. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"பூன்னு சொல்லாதது எனக்க தப்புதானே அப்பா. தண்டை எங்க போட்டீங்க?"

"ஆட்டுக்கு..."

இருவரும் ஒரே ஓட்டமாக ஓடினார்கள். நல்லவேளை! ஆடு உச்சி மொட்டு இரண்டை மட்டும் ருசி பார்த்துவிட்டு, பலா இலைக்குத் தாவியிருந்தது.

நந்தனா தண்டைத் துடைத்தாள். "அப்பா, வாழைக்குலையை வெட்டி வீட்டுல தொங்கவிட்டாலும் பழுக்குதே. சிவப்பு காட்டின மொட்டு விரியாதா?"

"பாத்துருவோம் மக்கா!" என்று எழுந்தார் அப்பா.

அடித்தண்டைச் சாய்வாக நறுக்கி, உயரமான செம்பில் தண்ணீர் விட்டு நிறுத்தினாள். தினமும் தண்ணீரை மாற்றினாள். அப்பாவோ பல் துலக்கும் முன்பே செம்பைப் பார்க்க வந்துவிடுவார். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் கீழ் மொட்டு நெகிழ்ந்தது. விழாவன்று காலையில் மூன்று பூக்கள் சிவக்கச் சிவக்க விரிந்திருந்தன!

ஆட்டோவில் அந்தச் செம்பைப் பள்ளிவரை அப்பாதான் மடியில் வைத்திருந்தார். யாரையும் தொட விடவில்லை.

"எவ்வளவு அழகு! யார் வளர்த்தது?" என்று மேடையில் கேட்டார் டீச்சர்.

நந்தனா மைக்கைப் பிடித்தாள். "நானும் எனக்க அப்பாவும். கிழங்குக் காரியத்துல அப்பாக்கு மேல ஆளு கிடையாது!"

முன்வரிசையில் அப்பா சட்டென்று கூரையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்ததை நந்தனா பார்த்துவிட்டாள்.

இலைகள் மஞ்சளானதும் இருவரும் மேட்டைத் தோண்டினார்கள். நட்டது ஒன்று. கிடைத்ததோ, அதைவிடப் பெரிதாக ஒரு கிழங்கும், அதன் அடியில் கை நிறையக் குஞ்சுக் கிழங்குகளும்!

"பாத்தியா? நான் அப்பவே சொல்லல்லியா!" என்று துள்ளினார் அப்பா.

"எண்ணுங்க அப்பா. கிளாஸ்ல மழையில கிழங்கு அழுகிப்போன பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கணும்" என்றாள் நந்தனா.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எண்ணத் தொடங்கினார். பக்கத்திலேயே இன்னொரு குட்டி நெஞ்சும் நிமிர்ந்திருந்தது.