பொட்டு வைத்த பாக்கெட்டுகள்

வடமாலபேட்டையில் பஸ் ஏறியதிலிருந்தே கலைவாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். உள்ளே அம்மா ஜெயம்மா மாம்பழச் சாற்றைக் காயவைத்துச் செய்த நாற்பது தாண்ட்ரா பாக்கெட்டுகள். முதல் சரக்கு என்பதால் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தாள் அம்மா.

"எத்தினி வாட்டிடீ தொறந்து பாப்ப? எங்கனா ஓடிப் பூடுமா?" என்றாள் அம்மா.

திருப்பதிக் கடையில் வாராவாரம் எடுத்துக்கொண்டால், கட்டட வேலைக்குப் பெங்களூரு போன அப்பா, அவளுடைய நைனா, வீட்டுக்கே வந்துவிடலாம். ஆனால் கடைக்காரர் உமாபதி கறாரான ஆள். ஓர் எண்ணைக் கொடுத்து, "இதுக்குப் பார்கோடு போட்டு ஒட்டிக்கினு வாங்க. மிஷின் படிச்சாத்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

அதைப் போட்டது கலைவாணிதான். நெட் சென்டரில் ஓர் இலவச மென்பொருளை இறக்கி, எண்ணை மூன்று முறை சரிபார்த்து, அச்செடுத்து ஒட்டினாள்.

கடையில் பில் போடும் ஸ்ரீவல்லி அக்கா, முதல் பாக்கெட்டின் நடுவில் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினாள். மிஷின் வாயே திறக்கவில்லை. இரண்டாவது? மூன்றாவது? ஊஹூம்!

"அப்புறம் பாக்கலாம்மா." உமாபதி வண்டிச் சாவியை எடுத்தார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. எண் தப்பா? கலைவாணி ஒரு பாக்கெட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். எண் சரிதான். ஆனால் கறுப்புக் கோடுகளின் நட்டநடுவில் அம்மாவின் பொட்டு!

அம்மாவும் பார்த்துவிட்டாள். "ஐயோ, தொடச்சிடட்டா?" என்றாள் மெதுவாக.

ஆசையாய் வைத்த பொட்டை அழிக்கக் கலைவாணிக்கு மனசு வரவில்லை. கோடுகள் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரிதானே இருக்கின்றன? நடுவில்தான் படிக்கவேண்டும் என்று என்ன இருக்கிறது?

"யம்மா, இரு! அக்கா, பொட்டுல படாம, அதுக்கு மேல இருக்கிற கோட்டுல காட்டுங்களேன்."

"பீப்!"

ஸ்ரீவல்லி அக்கா சிரித்துவிட்டாள். நாற்பது முறையும் பீப்! வாசல்வரை போன உமாபதி திரும்பி வந்தார்.

"அடுத்த வாரம் எம்பது கொண்டாங்க" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு வந்த நைனா திரும்பிப் போகவில்லை. லேபிள் ஒட்ட உட்கார்ந்தவர், "கோட்டுக்குப் பக்கத்துல இன்னாமா காலி வட்டம்? ஏதாச்சும் எழுத மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. அது அம்மா பொட்டு வெக்கிறதுக்கு" என்றாள் கலைவாணி.